தொப்பியை எண்ணியவள்

கண் திறந்துதான் இருந்தது. விசில் அக்காவால் இன்றுவரை ஜீரணிக்க முடியாத விஷயம் அதுதான். தூங்கி வழிந்து நாற்காலியிலிருந்து விழுந்திருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. "அசந்துட்டேன்" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். அப்படியில்லை. முதுகை நேராக வைத்து, விசிலைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, குளத்தைப் பார்த்தபடியேதான் இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே தண்ணீரின் அடியில் அவளுடைய நாத்தனார் கிடந்தாள்.

ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் காலை வேளை பெண்களுக்கு மட்டும். அந்த வேளைக்கு இவள்தான் லைஃப்கார்டு. குளத்துக்கு வருகிற எல்லோருக்கும் விசில் அக்கா. குளத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத காய்கறிக் கடைக்காரர்கூட, "விசில் அக்கா, தக்காளி எவ்வளவு போடட்டும்?" என்றுதான் கேட்பார்.

சும்மா உட்காரும் வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதலில் குளத்தின் அடித்தரை, பிறகு நடுத்தண்ணீர், பிறகு மேல்மட்டம் என்று கண்ணை ஓட்ட வேண்டும். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை போய், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். நடுநடுவே தலையை எண்ண வேண்டும். உயரமான நாற்காலியிலிருந்து பார்த்தால் நனைந்த தலைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால், இந்தக் குளத்தில் ஆளுக்கொரு நிறத்தில் ரப்பர் தொப்பி போட்டுக்கொள்வது வழக்கம். லைஃப்கார்டுகளும் தலையை எண்ணுவதாகச் சொல்லிக்கொண்டு தொப்பியைத்தான் எண்ணுவார்கள். அதில் தப்பு வருமென்று யாரும் நினைத்ததில்லை.

நாத்தனாரின் தொப்பி தக்காளிச் சிவப்பு. நாத்தனார் என்றால் கணவனின் தங்கை. அடுத்த தெருவில் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். மெஷின் முன்னால் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டதில், நீந்தச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். நீச்சல் கற்றுக்கொடுத்தவள் விசில் அக்காதான். அந்த நன்றி கொஞ்சமாவது இருக்க வேண்டுமே! "எங்க அண்ணிக்கு வேடிக்கை பார்க்கத்தான் சம்பளம். அந்த மாதிரி எனக்கும் ஒரு வேலை இருந்தா சொல்லுங்க" என்று உடை மாற்றும் அறையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. தொப்பி அரிக்கிறதென்று பாதி நீச்சலில் கழற்றி, கடைசித் தடத்தின் மிதவைக் கயிற்றில் மாட்டிவிடுவாள். விசில் அக்கா தினமும் கத்துவாள். நாத்தனார் தினமும் காதில் தண்ணீர் போனதுபோல் பாவனை செய்வாள்.

இதெல்லாம் தெரிந்தும்தான் அது நடந்தது.

தொடக்கம் ஒரு கொட்டாவி. விடியும் முன்னே குளத்தில் இருக்க வேண்டிய வேலை என்பதால், விசில் அக்காவுக்குக் காலையில் உடம்பு வந்துவிடும், மனசு வந்து சேர வெயில் ஏறிவிடும். ஒருநாள் குளத்து மேலாளர் கடந்து போகும்போது வாய் பிளக்கக் கொட்டாவி விட்டாள். மேலாளர் நல்ல மனுஷன்தான். "என்னம்மா, உங்களைப் பார்க்க இன்னொரு ஆளைப் போடணும் போலிருக்கே?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்து புலம்பினாள். கல்லூரியில் படிக்கும் மகள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, இதைப் பாரு. இவர் சொல்றபடி செஞ்சா நாள் பூரா நீ ராக்கெட்டு." திரையில் ஒரு மனிதர், எல்லாப் பல்லும் தெரிய, வெற்றி பெற்றவர்கள் ஒருவரும் விடிந்த பிறகு எழுந்ததில்லை என்று சத்தியம் செய்தார். ஊர் உறங்கும்போதே எழ வேண்டும். பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். ஓட வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும், மூச்சை அடக்க வேண்டும், கண்ணை மூடி எதிர்காலத்தைப் பார்க்க வேண்டும். டீ கூடாது. உச்சி வெயில் வரும் வரை வயிற்றுக்குள் எதுவும் போகக் கூடாது.

விசில் அக்கா எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாளே நடு இருட்டில் எழுந்து மொட்டை மாடியில் திம் திம் என்று ஓடினாள். மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர் போர்வைக்குள்ளிருந்து, "இந்த வீட்ல இந்நேரத்துக்கு முழிச்சிருக்கிறது நீயும் கரப்பான்பூச்சியும்தான். அதுகூட சத்தம் போடாம நடக்குது" என்றார்.

"எதிர் வீட்டு மாடியில ஒரு ஆள் எனக்கு முன்னாடியே எழுந்து நிக்கிறாருங்க. அசையாம நிக்கிறார். தியானம் போல. அவரைப் பார்த்தாவது கத்துக்கங்க."

"யாரு? அந்த வீட்ல வயசானவங்க ரெண்டு பேர்தானே இருக்காங்க?"

"மகன் வந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஓடினாள். எதிர் வீட்டுக்காரனிடம் தோற்பதா?

முதலில் உடம்பு துள்ளியது, உண்மைதான். யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. நாத்தனாரிடம் பேசும்போது கொஞ்சம் குத்தலும் சேர்ந்துகொண்டது. "உன்னால எல்லாம் முடியாதும்மா. நீ மூணு வேளையும் நொறுக்கித் தள்ளுற ஆளு."

அவ்வளவு போதாதா? நாத்தனாரும் தொடங்கினாள். அண்ணி ஓடினால் அவள் குதித்தாள். அண்ணி காலையில் சாப்பிடவில்லை என்றால் அவள் முதல் நாள் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்து விட்டாள். இரண்டு பேரும் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு ஒருவரையொருவர் பார்த்து, "பிரமாதமா இருக்கு, இல்ல?" என்று கேட்டுக்கொண்டார்கள். இல்லை என்று சொல்ல ஒருத்திக்கும் மனம் வரவில்லை. வறட்டுப் பிடிவாதத்துக்கு அந்தக் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது.

கொட்டாவி நின்றுவிட்டது. அதை அவள் வெற்றி என்று எடுத்துக்கொண்டாள். கொட்டாவிக்குப் பதிலாக வேறொன்று வந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. வீட்டிலிருந்து குளத்துக்கு வந்த வழி நினைவில் இருக்காது. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே விசிலைத் தேடுவாள். கண் பாட்டுக்குத் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்காது.

அன்று காலை குளத்தில் ஏழெட்டுப் பேர்தான். விசில் அக்கா எண்ணினாள். நீலம், வெள்ளை, பச்சை என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசித் தடத்தில் தக்காளிச் சிவப்பு. கணக்குச் சரி. திரும்பவும் எண்ணினாள். கணக்குச் சரி.

"அக்கா! அங்க அடியில என்னது?"

கத்தியது பல் டாக்டர். தினமும் கிளினிக் திறக்கும் முன் நீந்த வருகிறவர். அவர் கை காட்டிய இடத்தை விசில் அக்கா ஏற்கனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் குரலுக்குப் பிறகுதான் அது அவளுக்குத் தெரிந்தது. கயிற்றில் சிவப்புத் தொப்பி ஆடிக்கொண்டிருந்தது. தொப்பிக்குள் தலை இல்லை. அதற்கு நேர் கீழே, ஆழத்தில், தரையோடு தரையாகக் கரிய கூந்தல் விரிந்து கிடந்தது.

குதித்தது அவளுக்கு நினைவில்லை. தூக்கியது நினைவிருக்கிறது. தண்ணீருக்குள் எடையே இல்லாதவள் கரைக்கு வந்ததும் கல்லாகக் கனத்தாள். உதடு நீலம். மூச்சு இல்லை. வாயில் வாய் வைத்து ஊதினாள், நெஞ்சை அழுத்தினாள், திரும்ப ஊதினாள். பயிற்சியில் பொம்மைக்குச் செய்ததை எல்லாம் தன் வீட்டு ஆளுக்குச் செய்தாள். தினமும் தன்னைக் கிண்டல் செய்யும் வாய் அது. அது இப்படிச் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை. "பேசுடி, ஏதாவது பேசுடி" என்று அலறினாள்.

நாத்தனார் தண்ணீராகக் கக்கினாள். இருமினாள். மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானம்."

"ஏன்?"

"பயிற்சி டாக்டர். எங்க அண்ணி சொல்லிக் கொடுத்தாங்க." நாத்தனார் கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டி அண்ணியின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "என்னைத் தூக்கிக் கரை சேர்த்ததும் அவங்கதான்."

வெறும் வயிறு, அரைத் தூக்கம், சர்க்கரை இறங்கி மயக்கம் என்று டாக்டர் அடுக்கினார். விசில் அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. பிடித்திருந்த விரலை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் கூசியது.

ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கணவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், பிரித்த மிக்ஸியை அப்படியே விட்டுவிட்டு, மனைவி குதித்த கதையைச் சொன்னார். குளத்து மேலாளர் வாசல் பலகையில் பாராட்டு எழுதிப் போட்டார். உடை மாற்றும் அறையில் பல் டாக்டர் தனியாக வந்து கையைப் பிடித்தார்.

"நீங்க ரொம்ப கிரேட் அக்கா. நான்தான் தப்பு பண்ணிட்டேன். அடியில என்னவோ கிடக்குதேன்னு முன்னாடியே பார்த்தேன். ஆனா நீங்க அந்த இடத்தையேதான் பார்த்துட்டிருந்தீங்க. அக்கா பார்த்துட்டும் சும்மா இருக்காங்கன்னா ஏதோ துணி கிணி போலன்னு நினைச்சுட்டேன்."

விசில் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் காணாதது மட்டுமில்லை, கண்டவளையும் அவள் பார்வை தடுத்திருக்கிறது. நாற்காலியில் ஆளே இல்லாமல் இருந்திருந்தால் நாத்தனார் முன்னாடியே மேலே வந்திருப்பாள்.

நேராக மேலாளர் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்களா சொல்லலைன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காதேம்மா. ஏன் சொன்னீங்க?"

"நாளைக்கும் நான்தானே சார் அங்க ஏறி உட்காரணும்?"

வாசல் பலகை அழிந்தது. லைஃப்கார்டு தேர்வு மறுபடி எழுதித் தேறும்வரை நாற்காலி கிடையாது, டிக்கெட் ஜன்னல்தான் என்று முடிவானது. கணவரிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அவ என் கூடப் பிறந்தவ" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மகள் தன் ஃபோனில் இருந்த, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கும் அந்த மனிதரின் வீடியோக்களைத் தேடித் தேடி அழித்தாள்.

மிச்சம் இருந்தது நாத்தனார். கடைக்குப் போனபோது அவள் நீலத் திரைச்சீலை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் உன்னைப் பார்க்கலை" என்றாள் விசில் அக்கா. "நீ கீழ கிடந்தே. நான் உன் தொப்பியை எண்ணிட்டு மேல உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டர் கத்தினதுக்கப்புறம்தான் குதிச்சேன்."

மெஷின் நின்றது. நாத்தனார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தலை சுத்தினப்ப நான் உங்களைத்தான் அண்ணி பார்த்தேன்" என்றாள், துணியிடம் சொல்வதுபோல. "நீங்களும் நேரா என்னைப் பார்த்தீங்க. சரி, அண்ணி பார்த்துட்டாங்க, இனி பயமில்லைன்னு கயித்துலருந்து கையை விட்டுட்டேன்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று விசில் அக்கா வாயைத் திறந்தாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு நாத்தனார் அண்ணன் வீட்டு வாசல்படி ஏறவில்லை, குளத்துக்கும் வரவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை விசில் அக்கா கண் விழித்தபோது தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. கணவர் வைத்தது. அவர் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசத் தொடங்கியிருக்கவில்லை. பேசாமலே வைத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து அதைக் குடித்தாள். மறுநாளும் இருந்தது. மறுநாளும் குடித்தாள். பெரிய சபதம் எதுவும் எடுக்கவில்லை.

இருட்டில் எழுவதை விட்டாள். ராத்திரி சீக்கிரம் படுத்து, வேலைக்குத் தேவையான நேரத்துக்கு எழுந்தாள். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை ஜன்னலில் நிற்பாள். ஓடுவது, தண்டால் எதுவும் இல்லை. குளத்தைப் பார்ப்பதுபோல் தெருவைப் பார்ப்பாள். முதலில் கீழே தரை, பிறகு நடுவில் கதவுகள், பிறகு மேலே மாடிகள். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்வாள். "சாக்கடை மூடி. நாய், தூங்குது. சைக்கிள், முன் சக்கரத்துல காத்து இல்ல." மகள் பாயில் புரண்டு, "அம்மா, வர்ணனை போதும்மா" என்று முனகுவாள். டீ கொதித்ததும் ஜன்னலை விட்டு வந்து, ஒரு துண்டு ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டுக் கிளம்புவாள். அவ்வளவுதான். உடம்பு முடியாத நாளில் தண்ணீரை மட்டுமாவது குடிப்பாள்.

இது எங்கே போய் நிற்கும் என்ற நம்பிக்கை அவளுக்கே இல்லை. ஒருநாள் ஜன்னலில் நின்று, "எதிர் மாடி. அந்த ஆள், நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுபோனாள்.

ஆள் இல்லை. கொடியில் மாட்டிய ஒரு பழைய மழைக்கோட்டு.

தினமும் அதனோடு போட்டி போட்டு ஓடியிருக்கிறாள். ஒருமுறை கை ஆட்டியதாகக்கூட நினைவு. முதலில் குபீரென்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது உறைத்தது. தொப்பி ஒரு நாளில் நடந்த தப்பு இல்லை. அத்தனை நாளும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ பொங்கி அடுப்பை அணைத்தது. கணவர் ஓடிவந்து அவளையும் மழைக்கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமே நானும் கூட நிக்கிறேன்" என்றார். மறுநாளிலிருந்து ஜன்னலில் இரண்டு பேர்.

தேர்வில் தேறினாள். மறுபடி நாற்காலியில் ஏறிய காலையில் விசிலைப் பிடித்த விரல் வேர்த்துக் கொட்டியது. பழைய முகங்கள்தான். பல் டாக்டர் கையசைத்தார். கடைசி ஆளாக, யாரையும் பார்க்காமல், நாத்தனார் உள்ளே வந்து தண்ணீரில் இறங்கினாள். இளைத்திருந்தாள். விசில் அக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடித்தரை, காலி. நடுத்தண்ணீர், காலி. மேலே நீலத் தொப்பிக்குக் கீழே ஒரு முகம், வெள்ளைக்குக் கீழே ஒரு முகம். கடைசித் தடம். கயிற்றில் தக்காளிச் சிவப்பு. கீழே முகம் இல்லை.

விசில் காதைக் கிழித்தது. குளத்தில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். விசில் அக்கா எழுந்து பாதி குதிக்கப் போனவள், கண்ணை மறுபடி தரையிலிருந்து ஓட்டினாள். ஓட்டிக்கொண்டே தன் நாற்காலிக்கு நேர் கீழே குனிந்தாள். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குச் சட்டென்று படாத மூலை அது. அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள். தலையில் தளர்வான மஞ்சள் துணித் தொப்பி ஒன்று இருந்தது.

"என்ன அண்ணி, எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன்." அடிக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

"தொப்பியையா, தலையையா?"

"முகத்தை."

நாத்தனாரின் முகத்தில் வழிந்தது எல்லாம் குளத்துத் தண்ணீர்தானா என்று மேலிருந்து தெரியவில்லை.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"ரொட்டியும் பழமும். நீ?"

"வயிறு முட்ட." கயிறு வரைக்கும் நீந்திப் போய்ச் சிவப்புத் தொப்பியை எடுத்துவந்து, நாற்காலியை நோக்கி வீசினாள். அது சொத்தென்று, மறுபடி உட்கார்ந்திருந்த விசில் அக்காவின் மடியில் விழுந்தது. "இது உங்ககிட்டயே இருக்கட்டும். மஞ்சள் நானே தைச்சது, இது அரிக்காது."

பிறகு சுவரில் காலை ஊன்றி உந்தி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, ஆழமான பக்கத்துக்கு நீந்திப் போனாள்.